ஒரே போர்டு, இரு பந்திகள்

கம்பம் பள்ளத்தாக்கில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழிகளாக வழங்கி வருகின்றன. திராட்சைப் பந்தல்கள் நிறைந்த ஓடைப்பட்டி போன்ற ஊர்களுக்கு ஆயர்ப்பணி ஆற்றச் செல்லும் நம் மாணவர், மொழி வேற்றுமையை விரைவில் கடந்துவிடுகின்றனர். பந்தியில் அமரும்போதுதான் இடறுகின்றனர். எனவே, இப்பள்ளத்தாக்கையும் தன் எல்லைக்குள் கொண்டிருந்த அமெரிக்கன் மதுரை மிஷனின் வரலாற்றில் ஒரு பகுதியை ஈண்டு நோக்குவோம்.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த இம்மிஷன், 1847இல் சாதியைக் குறித்துக் கண்டிப்பான முடிவொன்றை மேற்கொண்டது. சாதியை விடாதோர் சபை அங்கத்தினராயிருத்தல் இயலாது. பல சாதியாரும் கூடியுண்ணும் பொதுப்பந்தியே அதற்குச் சோதனை. உடன்பட மறுத்த உபதேசியார் பலர் சபை ஐக்கியத்தினின்று விலக்கப்பட்டனர். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடும் இவ்வழியையே ஆதரித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் இணங்கவில்லை.

இம்முடிவின் துணிவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும், இவர்களை அனுப்பிய அமெரிக்கன் போர்டு அதே ஆண்டுகளில் தன் நாட்டில் செய்தது யாது? செரோக்கி, சோக்டா மக்களிடையே அது நிறுவியிருந்த சபைகளில், கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தோரும் நற்கருணை பெற்றுவந்தனர். இது தகுமோ என்ற கேள்வி 1845இல் புரூக்ளினில் கூடிய போர்டின் ஆண்டுக்கூட்டத்தில் எழுந்தது. அடிமை வைத்திருத்தல் ஒன்றே ஒருவரைச் சபைக்குப் புறம்பாக்கப் போதிய காரணமன்று என்று அக்கூட்டம் முடிவு செய்தது. அதனை ஏற்காதோர் 1846இல் அமெரிக்கன் மிஷனெரி அசோசியேஷனைத் தோற்றுவித்தனர்.

மதுரையில் பிறன் சமைத்த சோற்றை உண்ண மறுத்தவனுக்கு நற்கருணை இல்லை. அமெரிக்காவிலோ பிறனையே விலைக்கு வாங்கியவனுக்கு உண்டு! அந்நியர் வீட்டுக் குற்றம் தெளிவாகத் தெரிவதும், தம் வீட்டுக் குற்றத்திற்குத் 'தற்போதைய சூழ்நிலை' என்று பெயரிடுவதும் மிஷனெரிமாருக்கு மட்டும் உரிய குணமன்று. நம் சபைக் கமிட்டிகளும் இச்சொற்றொடரை நன்கு அறியும்.

1847ஆம் ஆண்டின் பந்தியில் மற்றொரு குறையும் உண்டு. அது மிஷன் இட்ட கட்டளை. சம்பளம் பெற்ற ஊழியருக்கு அது பிழைப்பைப் பற்றிய கேள்வியாகவும் இருந்தது. எந்த மக்களின் கையால் உண்ணப் பிறர் மறுத்தனரோ, அம்மக்கள் அழைத்த விருந்தன்று அது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, இக்குறையின் மறுகரையில் நின்றவர் எனலாம். தலித் மக்களின் இசையையும் பேச்சுமொழியையும் வழிபாட்டினுள் கொணர்ந்த அவர், ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்ணும் வழக்கத்தைக் கொண்டே திருவிருந்தின் பொருளை விளக்கினார். இங்கே அழைப்பவர் யார் என்பது மாறிவிடுகிறது.

இன்று கூடியுண்ண மறுப்போர் நம் சபைகளில் அருகிவிட்டனர். பெண் கொடுத்தலிலும் கல்லறைத் தோட்டத்திலும் அக்கேள்வி இன்னும் முடியவில்லை. சபை வரலாறு எழுதப் புகும் மாணவர், தம் சேகரத்தின் திருமணப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் முதலில் கேட்டு வாங்கிப் படிப்பாராக.