எலி பிடிக்க வந்தவன், மடியில் உட்கார்ந்த கதை

யார்க்ஷயர் டெர்ரியரை முதல்முறை பார்ப்பவர்களுக்கு அது நாய்தான் என்று நம்பவே கொஞ்ச நேரம் பிடிக்கும். எடை மூன்று கிலோ சொச்சம். தரை வரை தொங்கும் பட்டு முடி, கண்ணை மறைக்காமல் இருக்க உச்சந்தலையில் ஒரு ரிப்பன். சினிமா நடிகைகளின் கைப்பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பொம்மை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்தப் 'பொம்மை' பிறந்தது மில் தொழிலாளிகளின் வீட்டில்!

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இயந்திரத் தறிகள் வந்து கைத்தறிக்காரர்களின் பிழைப்பில் மண் விழுந்த காலம். ஸ்காட்லாந்து நெசவாளர்கள் பலர் வேலை தேடி வடக்கு இங்கிலாந்தின் யார்க்ஷயர், லங்காஷயர் பக்கம் குடிபெயர்ந்தார்கள். மூட்டை முடிச்சோடு தங்கள் சின்ன நாய்களையும் கூட்டி வந்தார்கள். மில்லிலும் வீட்டிலும் எலித் தொல்லை; அதற்குத்தான் நாய். (டெர்ரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்து வேட்டையாடும் ஜாதி.) அங்கிருந்த உள்ளூர் நாய்களோடு இவை கலந்தன. எது எதோடு கலந்தது என்பதற்குச் சரியான பதிவு இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர் நாய்க்கு வம்சாவளி எழுதிக்கொண்டா இருப்பார்? முடியின் மினுமினுப்பைப் பார்த்து, "இதுவும் தறியில் நெய்ததுதான்" என்று ஊரார் கிண்டல் செய்தார்களாம்.

இந்த இனத்துக்கு ஒரு 'தந்தை' உண்டு. 1865-இல் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்ட் பென். பிராட்ஃபோர்டைச் சேர்ந்த மேரி ஆன் ஃபாஸ்டர் என்ற பெண்மணி வளர்த்தார். கண்காட்சிகளில் எழுபதுக்கும் மேல் பரிசு. அழகுப் போட்டி மட்டுமில்லை, எலி கொல்லும் பந்தயத்திலும் கெட்டிக்காரன். ஆறே வயதில், 1871-இல், வண்டிச் சக்கரத்தில் மாட்டி இறந்துபோனான். ஆனால் அதற்குள் நிறைய குட்டிகள். அவனைவிடச் சின்னதாக, அதே முடியோடு பிறந்த குட்டிகள்.

1870 வாக்கில் 'ஸ்காட்ச் டெர்ரியர்' என்ற பழைய பெயர் போய் யார்க்ஷயர் பெயர் ஒட்டிக்கொண்டது. 1886-இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது. பணக்கார வீட்டுப் பெண்களுக்கு மடியில் அடங்கும் நாய் வேண்டும். டிமாண்ட் எதற்கோ, சப்ளையும் அதற்குத்தானே! நாய் சுருங்கிக்கொண்டே வந்தது. இன்று 'டீகப்' என்று ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாக வளர்த்து விற்கிறார்கள். ஒருவேளை சாப்பாடு தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி விழக்கூடிய உடம்பு அது. கேட்டால் 'க்யூட்' என்பார்கள்.

உடம்பு சுருங்கினாலும் குணம் அப்படியே இருந்தது. 1944-இல் நியூ கினி காட்டில், போர்வீரர்கள் வெட்டிய ஒரு பதுங்கு குழியில் பெண் நாய் ஒன்று கிடைத்தது. பில் வின் என்ற அமெரிக்க வீரர் இரண்டு ஆஸ்திரேலிய பவுண்ட் கொடுத்து அதை வாங்கி, 'ஸ்மோக்கி' என்று பெயர் வைத்தார். எடை இரண்டு கிலோகூட இல்லை.

1945 ஜனவரி, பிலிப்பைன்ஸின் லூசான் தீவு. விமான ஓடுபாதைக்கு அடியில் தொலைபேசிக் கம்பி இழுக்க வேண்டும். அடியில் ஏற்கெனவே 70 அடி நீளக் குழாய் இருந்தது. அகலம் எட்டே அங்குலம், அதிலும் பாதிவரை மண் அடைத்த இடங்கள். ஓடுபாதையைத் தோண்டினால் மூன்று நாள் ஆகும். அதுவரை ஆட்களும் விமானங்களும் எதிரியின் குண்டுக்குத் திறந்து கிடக்க வேண்டும். ஸ்மோக்கியின் கழுத்துப் பட்டையில், கம்பியோடு இணைத்த நூலைக் கட்டி உள்ளே விட்டார்கள். மறுமுனையில் வின் மண்டியிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சில நிமிடங்களில் தூசியோடு வெளியே வந்தாள், கம்பியும் கூடவே!

போர் முடிந்ததும் வின் அவளை அமெரிக்காவுக்கே கொண்டுபோனார். 1957-இல் இறந்தாள். ஒஹையோ மாநிலத்து லேக்வுட்டில், அவளைப் புதைத்த இடத்தில், 2005-இல் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். ராணுவ ஹெல்மெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். ரிப்பன் இல்லை.