தூளியும் மாமன் சீரும்

'தால்' என்றால் நா. நாவை அசைத்து எழுப்பும் ஓசையால் பிள்ளையை உறங்கச் செய்வது தாலாட்டு என்று சொற்பொருள் காண்பார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் மூன்றாவது தாலப்பருவம். அதற்கும் முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டளவில், பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலிட்டுப் பாடியிருக்கிறார். பிரமன் பொற்றொட்டில் அனுப்ப, மற்றத் தேவர்கள் ஆளுக்கோர் அணிகலன் அனுப்புகிறார்கள். குலசேகராழ்வாரோ திருக்கண்ணபுரத்து இறைவனை இராமனாகக் கண்டு தாலேலோ பாடினார்.

தேவர்களின் அந்தப் பரிசுப் பட்டியலை அல்லிநகரத்து வயற்காட்டில் நின்று கேட்டால் வேறொன்று விளங்கும். முல்லைப் பெரியாறு அணை 1895இல் நிறைவேறியபின் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் நடவு பெருகியது. நடவுக்குப் போகும் தாய்மார் வரப்போரத்து மரக்கிளையில் பழஞ்சேலையால் தூளி கட்டினர். இப்பகுதித் தாலாட்டுகளில் சீர் சுமந்து வருபவன் தேவனல்லன், தாய்மாமன். பாட்டின் அமைப்பு ஒன்றேதான். ஆழ்வார்தாம் நாட்டார் பெண்களிடமிருந்து இதனைப் பெற்றிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

மாமன் சீர் பாட்டில் இனிக்கும். வீட்டுக் கணக்கிலோ கசக்கும். பிறந்த வீடு காதுகுத்து முதல் கலியாணம் வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெண்மகவு பாரமெனக் கருதப்பட்டதற்கு வரதட்சணையோடு இந்தச் சீர்வரிசையும் ஒரு காரணம். அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் தேனி, மதுரை முதலிய மாவட்டங்களுக்கு விரிந்தது. தாலாட்டுக்குரிய தொட்டில், பெற்றோர் விட்டுச்செல்லும் பிள்ளையை ஏற்கும் தொட்டிலாயிற்று! அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா, பெண்சிசுக் கொலையைப் பற்றிக் 'கருத்தம்மா' எடுத்தது 1994இல்.

தூளியை விட்டு இறங்கிய பிள்ளைக்கு நம் மரபில் தாலாட்டு இல்லை. பாட்டியின் கதை சில ஆண்டுகள் கைகொடுக்கும், அவ்வளவே. ஆனால் உறக்கம் வராமல் தவிப்பது பெரும்பாலும் அதன் பிறகுதான். பதின்வயதில் உறக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் சுரப்பு, இரவில் பிந்தித் தொடங்குகிறது. அது தெரியாமல் நாம் பிள்ளையைச் சோம்பேறி என்று வைகிறோம். ஆடும் கட்டிலில் படுத்த இளைஞர்கள் விரைவில் உறங்கினர், ஆழ்ந்தும் உறங்கினர் என 2019இல் ஜெனீவா ஆய்வாளர்கள் எழுதினார்கள். தூளிக்கு வயது வரம்பு விதித்தவர்கள் நாம்தாம் போலும்.

இந்த வரம்பை மீறிய ஒரு பாட்டுக்கு இசையமைத்தவர் இதே மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர். நினைவு பிறழ்ந்து குழந்தையாகிவிட்ட ஒரு வளர்ந்த பெண்ணை உறங்க வைக்கும் 'கண்ணே கலைமானே', இளையராஜாவின் இசையில், 'மூன்றாம் பிறை'க்காக உருவானது. கண்ணதாசன் எழுதிய கடைசித் திரைப்பாடல் அது. அவர் 1981 அக்டோபரில் மறைந்தார். படம் 1982இல் வெளிவந்தது.