இரு போர்களுக்கிடையே தென்சென்னையில் கலைப்பொழுது: சதிரும் சபையும்

முதல் உலகப்போர் முடிந்த 1918-ஆம் ஆண்டிற்கும் இரண்டாம் போர் தொடங்கிய 1939-ஆம் ஆண்டிற்கும் இடையே, சென்னை மாநகரின் தென்பகுதி மக்கள் தம் ஓய்வுப்பொழுதைக் கழித்த முறை பெரிதும் மாறியது. அம்மாற்றத்தை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளை எல்லையாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பொழுதுபோக்கு என்றவுடன் அதனை ஆராய்ச்சிக்கு உரியதன்றெனத் தள்ளுவாரும் உளர். ஆயின், ஓர் ஆடலை யார் ஆடுவது, எங்கு ஆடுவது, யார் காண்பது என்னும் வினாக்கள் அந்நாளில் சிலருடைய வாழ்வையே முடிவு செய்தன. ஆதலின், ஏனையவற்றைச் சுருங்கக் கூறிச் சதிர் ஒன்றனையே ஈண்டு விரித்துரைக்க எண்ணுகிறோம்.

மயிலையின் பழைய கலைப்பொழுது கோயிலைச் சார்ந்தது. திங்கள்தோறும் அங்கு நிகழ்ந்த விழாக்களைத் திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் நிரல்படச் சுட்டுகின்றார். பங்குனிப் பெருவிழாவும் அறுபத்து மூவர் உலாவும் இன்றும் மாடவீதிகளை நிரப்புகின்றன. இவ்விழாக்களுக்கு நுழைவுச் சீட்டு இல்லை. தொடங்குவதும் முடிவதும் இறைவன் எழுந்தருளும் நேரத்தைப் பொறுத்தவை. நாகசுரமும் ஆடலும் அவ்வழிபாட்டின் உறுப்புக்கள். செல்வர் இல்லத்துத் திருமணக் கச்சேரி இவற்றிற்கு அடுத்த இடமாகும்.

இவ்வொழுங்கை மாற்றியது கடிகாரம் என்பது எம் கருத்து. வழக்கறிஞரும் அலுவலரும் ஆசிரியரும் மிகுந்த மயிலைக்கு, மாலை என்பது நாள்தோறும் ஒரே நேரத்தில் வரும் ஓய்வாயிற்று. டிராம் வண்டி மயிலை வரை ஓடிற்று. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியபோது மாம்பலத்தாரும் நகரோடு நெருங்கினர். தியாகராய நகரே இக்காலத்தில் தோன்றிய ஊர்தான். 1890-களில் படகுப் போட்டி நிகழ்ந்த பெரிய ஏரியை வற்றச் செய்து, 1920-களில் மனைகளாக வகுத்தனர். நடுவே பனகல் அரசர் பெயரால் பூங்கா அமைந்தது. படகு சென்ற நீர்ப்பரப்பு மாலையுலாவிற்குரிய நிலமாயிற்று!

குறித்த நேரத்து ஓய்விற்குக் குறித்த நேரத்து அரங்கு வேண்டியதாயிற்று. அத்தேவையை நிறைவு செய்தவை சபைகள். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டை ஒட்டி அகில இந்திய இசை மாநாடு நிகழ்ந்தது. அதன் பயனாக 1928-இல் சங்கீத வித்வத் சபை தோன்றியது. மயிலையில் இரசிக ரஞ்சனி சபை 1929-இல் எழுந்தது. டி. கே. பட்டம்மாள் சென்னையில் தம் தொடக்கக் கச்சேரியை 1932-இல் நிகழ்த்தியது இச்சபையிலேதான். சந்தா செலுத்தியோர் நாற்காலியில் அமர்ந்து, வரையறுத்த நேரம் கேட்டு, இரவே இல்லம் திரும்பும் முறை நிலைபெற்றது. அரியக்குடி இராமானுச ஐயங்காரின் கச்சேரி முறை இவ்வரங்கிற்கு நன்கு பொருந்திற்று. சீட்டு வாங்க இயலாதார்க்கு மாநகராட்சி 1930 முதல் நடத்திய வானொலி உதவியது. அதன் ஒலிபெருக்கியைக் கடற்கரை மணலில் அமர்ந்து எவரும் கேட்கலாம்.

இசை எளிதில் சபைக்குள் புகுந்தது. ஆடலுக்கு அஃது எளிதாக இல்லை. சதிராடிய மகளிர் கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட குலத்தினர். அவ்வழக்கத்தை ஒழிக்க முனைந்தவருள் தலைசிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர்தம் அன்னையாரும் அக்குலத்தவரே. வெறும் வெறுப்பால் எழுந்த முயற்சியன்று அது. அவர் முயற்சியால் 1929-இல் நிறைவேறிய சட்டம், கோயிற்பணிக்கென விடப்பட்ட மானிய நிலங்களைப் பணியினின்று விடுவித்து அம்மகளிர்க்கு உரிமையாக்க வழிசெய்தது. 1932-இன் இறுதியில், முதலமைச்சராகிய பொப்பிலி அரசரின் வரவேற்பில் சதிர் நிகழ்ந்ததை அவர் கண்டித்தார். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் கலையைக் காத்தல் வேண்டும் என மறுத்தெழுதினார். செய்தித்தாள்களில் சொற்போர் மூண்டது.

அதன் விளைவு வியப்பிற்குரியது. சங்கீத வித்வத் சபை 1931 மார்ச்சில் கல்யாணி அம்மாளின் மகளிர் இருவரை ஆடச் செய்தபோது வந்தோர் சிலரே. சொற்போருக்குப் பின், 1933 சனவரியில் அவர்களே மீண்டும் ஆடியபோது கூட்டம் திரண்டது. அவ்வாண்டிலேயே வீணை தனம்மாளின் பெயர்த்தி பாலசரசுவதியும் அம்மேடையில் ஆடினார். எதிர்ப்பே அவையைக் கூட்டித் தந்தது எனலாம்.

அடுத்த மாற்றம் அடையாற்றில் நிகழ்ந்தது. உருக்மிணி தேவி, அன்னா பாவ்லோவாவின் நட்பால் மேலைநாட்டு ஆடலை முதலில் பயின்றவர். பின்னர்ப் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் கற்று, 1935 டிசம்பரில் பிரமஞான சபையின் வைரவிழாவில் ஆடினார். அந்தணர் குலப்பெண் ஒருவர் சதிராடியது அக்காலத்தாரைத் திடுக்கிடச் செய்தது. 1936-இல் அவர் அமைத்த நிறுவனமே பின்னர்க் கலாசேத்திரம் எனப் பெயர் பெற்றது. ஆடுவார் பின்னே நின்று தொடர்ந்த இசைவாணர் மேடையின் ஒருபுறம் அமர்ந்தனர். உடையும் ஒளியும் மாறின. பரதநாட்டியம் என்னும் பெயர் வழக்கூன்றியது.

முத்துலட்சுமி ரெட்டியார் ஆதரவற்ற பெண்களுக்காக 1930-இல் நிறுவிய ஔவை இல்லமும் பின்னர் அடையாற்றிலேயே நிலைபெற்றது. ஒழிப்போரும் காப்போரும் இரு முனைகளில் நின்றதாக எழுதுவதே பெருவழக்கு. வாதத்தில் அஃது உண்மை. விளைவை நோக்கின், இருதிறத்தார் செயலும் ஓரிடத்திற் சென்று சேர்ந்தது: கலை அதனைப் பேணிவந்த மகளிரினின்றும் பிரிந்தது. அக்குலத்து ஆடவராகிய நட்டுவனார்க்கு இப்பிரிவு அத்துணை ஊறு செய்யவில்லை. புதிய மாணவியர்க்கு ஆசிரியராக அவர்கள் மதிக்கப்பெற்றனர். இழப்பு பெரும்பாலும் பெண்டிருடையது. பாலசரசுவதியைக் காட்டி இதனை மறுப்பார் உளர். அவரைப்போல் மேடையைத் தக்கவைத்துக் கொண்டோர் மிகச் சிலரே.

இதற்கு மயிலையிலேயே சான்று உண்டு. கபாலீசுவரர் கோயிலில் ஆடற்பணி புரிந்த கடைசிப் பெண்மணி எனப் போற்றப்படுபவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். அபிநயத்தில் அவருக்கு நிகர் இல்லை என்பர். பாலசரசுவதி அவரிடம் அபிநயம் பயின்றார். உருக்மிணி தேவி சதிரை முதன்முதல் கற்றதும் அவரிடமே. புதிய அரங்கின் இருபெரும் புகழும் இவ்வொருவரிடம் கடன்பட்டவை. 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் அறவே தடுத்தது. கலாசேத்திரம் 1962-இல் திருவான்மியூருக்குப் பெயர்ந்தது. அதே ஆண்டில் சங்கீத வித்வத் சபையும் தனக்கெனப் பேரரங்கம் பெற்றது. கௌரி அம்மாள் வறுமையில் வாழ்ந்து 1971-இல் மறைந்தார்.