எழுதி வைக்காத இசை



பேச்சுப் போட்டிக்கான பயிற்சியில் மாணவி ஒருத்தி மனனம் செய்த உரையில் ஒரு வரியை மறந்து அப்படியே நின்றுவிட்டாள். விட்ட இடத்தைத் தன் சொற்களால் கடக்க அவளுக்குத் தெரியவில்லை. உரையை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அன்றிரவு கமுந்திங்கில் என் வீட்டில் 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டுப் பதிவைக் கேட்டபோதும் அவள் முகமே கண்முன் நின்றது.

அப்பதிவு ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானதன்று. 1975 சூலை 5ஆம் நாள், நியூயார்க் மாநிலத்துச் சவுதாம்ப்டன் கல்லூரியில் அவையோர் முன் வாசித்ததை அப்படியே பதிந்தனர். கிட்டார் வாசித்தவர் ஆங்கிலேயரான ஜான் மெக்லாஃப்லின். தபேலா ஜாகிர் உசேன். மற்ற மூவர் நம்மவர்: வயலின் எல். சங்கர், கடம் தி. ஹ. விநாயக்ராம், மிருதங்கம் இராமநாதபுரம் இராகவன். சங்கரின் இளமை யாழ்ப்பாணத்தோடு பிணைந்தது. அவர் தந்தை லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தால் அக்குடும்பம் ஊரை விட்டு வெளியேறியது. (அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.)

தட்டில் மூன்றே உருப்படிகள். அவற்றுள் ஒன்று ஏறத்தாழ அரைமணி நேரம் நீள்கிறது. வயலின் ஒரு தொடரை வினவக் கிட்டார் விடையிறுக்கிறது. தாளக் கருவிகள் அதைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ செல்கின்றன. ஆயினும் எவரும் வழி தவறவில்லை. இராகமும் தாளமும் அவர்களுக்கு இலக்கணம். ஒரு கோர்வையை மும்முறை வாசித்துச் சமத்தில் வந்து சேர வேண்டுமெனில், எண்ணிக்கை விரல்நுனியில் இருந்தாக வேண்டும். மெக்லாஃப்லினும் இதற்கெனவே வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். நாம் மனோதர்மம் என்பது மனம்போன போக்கன்று.

அதே வாரத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. சூன் 28, சூலை 1 ஆகிய நாள்களில் அமெரிக்க விசைப்பலகைக் கலைஞர் ஹெர்பி ஹான்காக் தோக்கியோவில் வாசித்தவை 'ஃபிளட்' எனும் இரட்டை இசைத்தட்டாயின. ஜாஸும் ஃபங்கும் கலந்த இசை அது. 1965இல் தாமே இயற்றிய பழைய மெட்டொன்றைத் தனிப் பியானோவில் தொடங்கி, பிறகு மின் விசைப்பலகைகளுக்குத் தாவுகிறார். அடித்தளத்தில் பேஸ் கிட்டார் ஒரே சுழலை விடாமல் வாசிக்கிறது. அதன்மேல் அவர் விரல்கள் விளையாடுகின்றன. நம் தாள ஆவர்த்தனத்தை அறிந்த செவிக்கு இது அயலாகத் தோன்றாது. எனக்கோ சக்தியே நெருக்கம். அது வளர்ப்பின் குற்றமாக இருக்கலாம்.

முதற்குழு 1978இல் கலைந்தது. பின்னாளில் மீண்ட சக்தி 2024இல் கிராமி விருது பெற்றபோது தாளத்தில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் இருந்தார். ஜாகிர் உசேன் அவ்வாண்டு திசம்பரில் மறைந்தார்.

போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அம்மாணவியிடமிருந்து எழுதிய தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஐந்து குறிப்புகளை மட்டும் கொடுத்துள்ளேன். அவள் தாயார் இன்னும் என்மீது வருத்தத்தில்தான் இருக்கிறார்.