நடுக்குரலின் வரலாறு



இந்நாளில் பல இல்லங்களில் தொலைக்காட்சிப் பெட்டியின் கீழே கருநிறமான கனத்த பெட்டி ஒன்று இடம் பெற்றிருக்கக் காண்கிறோம். ரிசீவர் என்பது அதன் பெயர். வீட்டையே திரையரங்காக்க வல்லது என்று கூறி விற்கப்படுவது அது. அதன் முகம் எளியது. முதுகுப்புறமோ துளைகளும் திருகுகளும் நிறைந்து, புதிதாய் வாங்கியவரை மலைக்கச் செய்வது. அதனை ஒருவாறு பூட்டி முடித்துத் திரைப்படம் ஒன்றை ஓடவிட்டதும் பெரும்பாலோர் கூறும் குறை ஒன்றே: பாட்டும் சண்டையும் சுவரை அதிரச் செய்கின்றன, பேசுவது மட்டும் காதில் விழவில்லை.

தமிழகத்தை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கு இது சிறு குறையன்று. தெருவில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என்று வளரும் நம் குழந்தைகளுக்கு, பெற்றோர் பேச்சுக்கு அடுத்தபடியாகத் தமிழ் கேட்கும் வாய்ப்பு இப்பெட்டியின் வழியாகவே பெரிதும் கிட்டுகிறது. வசனம் தெளியாதபோது அவர்கள் திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கண்ணுக்குக் கதை கிடைக்கிறது. செவிக்குத் தமிழ் கிடைப்பதில்லை. ஆகவே, சொல் மறைவதற்குக் காரணம் யாது என்று ஆராய்வது நமக்கு இன்றியமையாதது. அவ்வாறு ஆராயப் புகுந்தால் நாம் ஒரு நூற்றாண்டுக் காலம் பின்னோக்கிச் செல்ல நேரிடும். ஒலிப்பெட்டியில் நடுக்குரல் என்பது முதலில் இயல்பாகவே இருந்தது, பின்னர் மறைந்தது, பின்னர்ப் பெருமுயற்சியால் மீட்கப்பட்டது. அவ்வரலாற்றை அறிந்தவர்க்குப் பெட்டியின் பிணியும் எளிதில் விளங்கும்.

ரிசீவர் என்னும் பெயரே பழமையானது. வானில் பரவிவரும் அலையைப் பெற்றுக்கொள்ளும் கருவி என்பது அதன் பொருள். சென்னையில் 1924-ஆம் ஆண்டு வானொலிக் கழகம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. 1927-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பம்பாயிலும், அடுத்த திங்களில் கல்கத்தாவிலும் நிலையங்கள் திறக்கப்பட்டன. 1936-இல் அகில இந்திய வானொலி என்னும் பெயர் ஏற்பட்டது; 1938-இல் சென்னை நிலையமும் 1939-இல் திருச்சி நிலையமும் அதன்கீழ்ப் பணியாற்றத் தொடங்கின. அக்காலத்தில் பெட்டி வாங்கியவர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தினார். மாடியில் ஏரியல் கம்பி கட்டினார். மண்ணில் எர்த்துக் கம்பி புதைத்தார். ஊருக்கு ஊர் மின்சாரம் ஏ.சி. எனவும் டி.சி. எனவும் வேறுபட்டமையால், வாங்குமுன் அதனையும் விசாரித்தறிந்தார். இத்தனை தொல்லைக்கிடையிலும் ஒரு நன்மை இருந்தது. பெட்டிக்கு ஒலிபெருக்கி ஒன்றே. செய்தி வாசிப்பவரும் கதை சொல்பவரும் அவ்வொரு வாயினின்றே பேசினர். குரல் எங்கிருந்து வருகிறது என்னும் ஐயமே எழவில்லை.

ஆயினும், ஒரே துளையின் வழியாக உலகத்து ஒலியெல்லாம் வருவது இயற்கைக்கு ஒத்ததன்று என்பதை அறிஞர் உணர்ந்தனர். இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் என்னும் பொறியாளர் 1931-ஆம் ஆண்டிலேயே இரு செவிகளுக்கு ஏற்ற இரட்டை ஒலிமுறைக்குக் காப்புரிமை கோரினார். ஒரே இசைத்தட்டுப் பள்ளத்தில் இரு ஒலிகளைப் பதிக்கும் வழியும் அவர் விண்ணப்பத்தில் இடம் பெற்றது. அவர் 1942-இல் ரேடார் கருவியைச் சோதிக்கச் சென்ற விமானம் விழுந்து நொறுங்கியதால் முப்பத்தெட்டாம் வயதிலேயே மறைந்தார். தம் கண்டுபிடிப்பு வீடுகளில் பரவியதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தார் வேறு வழியில் சென்றனர். 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் பிலடெல்பியா நகரில் இசைக்குழு ஒன்று வாசித்தது. அவ்விசை கம்பிகளின் வழியே சென்று வாஷிங்டன் நகரத்து மண்டபத்தில் ஒலித்தது. அங்கே ஒலியைக் கூட்டியும் குறைத்தும் நெறிப்படுத்தியவர் புகழ்பெற்ற இசைநடத்துநர் ஸ்டொக்கோவ்ஸ்கி. ஆய்வாளர் அதற்குப் பயன்படுத்திய தடங்கள் இரண்டல்ல, மூன்று: இடம், நடு, வலம். அகன்ற மண்டபத்தில் இரண்டு மட்டும் இருந்தால் நடுவில் பள்ளம் விழுந்தாற்போல் ஆகிவிடும் என்பதையும், ஓரத்தில் அமர்ந்தவர்க்கு எல்லா ஒலியும் அருகிலுள்ள பக்கத்திற்கே சாய்ந்துவிடும் என்பதையும் அவர்கள் கண்டிருந்தனர். நடுக்குரலுக்குத் தனி இடம் வேண்டும் என்னும் உண்மை இவ்வாறு தொடக்கத்திலேயே அறியப்பட்டது.

அறிந்த உண்மை வீட்டிற்கு வரவில்லை. காரணம், இசைத்தட்டின் பள்ளத்திற்குச் சுவர்கள் இரண்டே. 1958-ஆம் ஆண்டளவில் ஸ்டீரியோ இசைத்தட்டு பரவலாக விற்பனைக்கு வந்தபோது, ஒரு சுவரில் இடப்பக்க ஒலியும் மற்றொன்றில் வலப்பக்க ஒலியும் பதிக்கப்பட்டன. மூன்றாவதற்கு இடமில்லை. ஆகவே, பாடகரின் குரலை இரு பக்கத்திலும் சம அளவில் வைத்தனர். இரண்டிற்கும் நடுவே அமர்ந்து கேட்பவருக்கு அது நடுவிலிருந்து வருவதுபோல் தோன்றும். தோற்றமேயன்றி அங்கே ஒலிபெருக்கி இல்லை. ஓரத்து நாற்காலிக்கு நகர்ந்தால் அத்தோற்றம் கலைந்துவிடும். வானொலி வாங்கியும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே கூட்டில் அமைந்து, இரு ஸ்பீக்கர்களுக்குரிய சிவப்பு, கறுப்புத் திருகுகளுடன் விற்கப்பட்ட ரிசீவர் இக்காலத்தில் பெருகியதாகும்.

நடுக்குரலைக் கைவிடாது காத்தது சினிமாவே. 1953-இல் சினிமாஸ்கோப் முறையில் வெளிவந்த 'தி ரோப்' என்னும் படத்தில் இடம், நடு, வலம், சூழல் என நான்கு காந்தத் தடங்கள் இருந்தன. வசனம் திரையின் நடுவிலிருந்து வந்தது. நம் நாட்டிலும் 1975-இல் வெளியான 'ஷோலே' எழுபது மில்லிமீட்டர் படச்சுருளிலும் பல்தட ஒலியிலும் காட்டப்பெற்று மக்களை வியப்பில் ஆழ்த்தியது. ஆனால் காந்தத் தடம் செலவு மிக்கது. எனவே டால்பி நிறுவனத்தார் நான்கு தடங்களை இரண்டுக்குள் மடித்து அடக்கும் ஓர் உபாயத்தைத் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தனர். 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' படம் அதனை உலகறியச் செய்தது. இரு தடத்திலும் ஒத்த நிலையில் இருப்பது நடுக்குரல். எதிர்நிலையில் இருப்பது சூழலொலி. இவ்வேறுபாட்டைக் கொண்டு பிரித்துவிடலாம் என்பதே அதன் சூட்சுமம்.

இம்முறை 1982-இல் வீட்டிற்கு வந்தபோது பின்பக்க ஒலியை மட்டுமே பிரித்துக் கொடுத்தது. 1987-இல் வந்த புரோ லாஜிக் என்னும் முறைதான் நடுக்குரலையும் பிரித்தெடுத்துத் தனி ஸ்பீக்கருக்கு அனுப்பியது. 1992-இல் திரையரங்குகளில் எண்முறை ஒலி வந்து, பிரித்தெடுக்கும் அவசியமே இல்லாதபடி ஆறு தடங்களைத் தனித்தனியே வைத்தது. முன்னே மூன்று, பக்கத்தில் இரண்டு, இடியோசைக்கென ஒன்று. இதனையே ஐந்து புள்ளி ஒன்று என வழங்குகிறோம். டி.வி.டி. தட்டு அதனை இல்லந்தோறும் சேர்த்தது. 1933-இல் அறியப்பட்ட உண்மை ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே நம் கூடத்தை வந்தடைந்தது எனலாம்.

இனி, இவ்வரலாற்றையே விளக்காகக் கொண்டு புதிய பெட்டியைப் பூட்டும் முறையைப் பார்ப்போம்.

முதலாவது மின்சாரம். நம் நாட்டில் 230 வோல்ட். அயல்நாட்டிலிருந்து உறவினர் கொணர்ந்த பெட்டி 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியதாயின், அதனை நேரே செருகுதல் கூடாது. இணைப்புகளையெல்லாம் மின்சாரத்தை நிறுத்திவிட்டே செய்தல் வேண்டும். ஸ்பீக்கர் கம்பியின் ஓர் இழை பிரிந்து பக்கத்துத் திருகைத் தொட்டாலும் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அணைந்துவிடும். பெட்டி பழுதென்று எண்ணுமுன் அவ்விழையைத் தேடுக.

இரண்டாவது, சிவப்பும் கறுப்பும். பெட்டியின் சிவப்பு ஸ்பீக்கரின் சிவப்போடும், கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். ஒரு பக்கம் மாறிப்போனால், ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்தள்ளும்போது மற்றது பின்னிழுக்கும். ஓசை கேட்கும், ஆனால் குரல் உள்ளீடற்று எங்கோ மிதக்கும், தாழ்ந்த ஒலி மெலிந்துவிடும்.

மூன்றாவது, நடு ஸ்பீக்கர். அதனைத் திரைக்கு நேர் கீழே அல்லது மேலே, கேட்பவர் முகத்தை நோக்கி வைத்தல் நலம். அலமாரியின் ஆழத்தில் தள்ளிவிட்டால் பேச்சு குகையிலிருந்து வருவதுபோல் ஆகும். சிலர் செலவு கருதி நடு ஸ்பீக்கர் வாங்குவதில்லை. அதனால் கேடில்லை, ஆனால் அஃது இல்லை என்பதைப் பெட்டியின் அமைப்புப் பட்டியலில் தெரிவித்தே தீர வேண்டும். தெரிவித்தால், பெட்டி வசனத்தை இரு பக்கத்திற்கும் பகிர்ந்தளிக்கும். தெரிவிக்காவிடில், இல்லாத ஸ்பீக்கருக்கே வசனம் முழுவதையும் அனுப்பிக்கொண்டிருக்கும். பாட்டு முழங்கிச் சொல் காணாமற் போவதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

நான்காவது, அளவிடுதல். பல பெட்டிகளுடன் சிறு மைக் ஒன்று தரப்படுகிறது. மின்விசிறியை நிறுத்தி, அறையை அமைதியாக்கி, வழக்கமாக அமரும் இடத்தில் காதின் உயரத்தில் அதனை வைத்தால், பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தைத் தானே கணக்கிடும். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 343 மீட்டர் செல்வது. அருகிலுள்ளதைச் சற்றுத் தாமதப்படுத்தினால்தான் எல்லாம் ஒருங்கே செவியை அடையும்.

ஐந்தாவது, தொலைக்காட்சியுடன் இணைப்பு. படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் செலுத்தும் எச்.டி.எம்.ஐ. முறை 2002-இல் வகுக்கப்பட்டது. முதலில் அதில் ஒலி பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லுமேயன்றித் திரும்பி வராது. திரும்பும் வழி 2009-இல் ஏ.ஆர்.சி. என்னும் பெயரால் ஏற்பட்டது. அதனினும் அகன்ற வழி 2017-இல் வகுக்கப்பட்டது. இவ்வரலாற்றை அறியாதவர் கம்பியைத் தொலைக்காட்சியின் ஏதேனும் ஒரு துளையில் செருகிவிட்டு ஒலி வரவில்லை என்று வருந்துவர். ஏ.ஆர்.சி. என்று பொறித்த துளை பெரும்பாலும் ஒன்றே. அதிலேயே செருக வேண்டும். சி.இ.சி. என்னும் வசதியையும் பலவற்றில் இயக்கிவைக்க வேண்டும். தொலைக்காட்சி இரு தட ஒலியாகச் சுருக்கி அனுப்புமாறு அமைந்திருந்தால், அதனை மாற்றிப் பல்தட ஒலியை அவ்வாறே அனுப்பச் செய்தல் வேண்டும்.

பிணி எங்கே என்று அறிய ஒரு சோதனை உண்டு. பெட்டியே எழுப்பும் சோதனை ஓசையை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் கேட்டுப் பாருங்கள். நடுவில் அது கேட்கவில்லையெனில் குறை கம்பியிலோ ஸ்பீக்கரிலோ அமைப்பிலோ உள்ளது. எல்லாவற்றிலும் நன்கு கேட்டும் படத்தில் வசனம் வரவில்லையெனில் குறை பெட்டிக்கு அப்பால், தொலைக்காட்சியிலோ ஒலியை அனுப்பும் இடத்திலோ உள்ளது. இவ்வொரு சோதனை தேடும் பரப்பைப் பாதியாக்கிவிடும். விடாத இரைச்சல் கேட்டால் கேபிள் கம்பியைச் சற்றே கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், இரு வழியாக வரும் எர்த்தின் முரண்பாடே காரணம். கேபிள்காரரை அழைத்துச் சரிசெய்யலாம். அதற்காகப் பிளக்கின் எர்த்து முனையை நீக்குவது உயிருக்கு ஆபத்து.

எல்லாம் செம்மையாக இருந்தும் பேச்சு தாழ்ந்திருக்கலாம். அமைதியான அரங்கிற்கென அமைத்த ஒலியில் முணுமுணுப்புக்கும் வெடிக்கும் இடைவெளி மிகுதி. நடு ஸ்பீக்கரை இரண்டு அல்லது மூன்று டெசிபல் உயர்த்துவதும், இரவுக்கென உள்ள அமைப்பை இயக்கி அவ்விடைவெளியைக் குறைப்பதும் தவறல்ல. அடுக்குமாடியில் அண்டை வீட்டார்க்கும் அது நன்மை.

இறுதியாக ஒன்று. பழைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம் ஒன்றைச் சூழலொலி முறையில் ஓடவிட்டால், மற்ற ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் ஓய்ந்திருக்க, நடு ஸ்பீக்கர் மட்டும் பேசுவதைக் காணலாம். பெட்டி கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டா. அப்படங்களில் பெரும்பாலானவற்றின் ஒலி ஒரே தடம். இரு பக்கமும் ஒத்திருக்கும் ஒலி நடுவுக்கு உரியது என்னும் விதிப்படி, பெட்டி அதனை அதற்குரிய இடத்தில் சேர்த்துவிடுகிறது. ஒரே வாயினின்று பேசிய காலத்துக் குரல் இன்றும் தன் இருக்கையை அடைகிறது. ஒலியின் ஆரவாரம் எவ்வளவு பெருகினும், அவ்விருக்கையைக் காலியாக விடாதிருப்பது நம் கையில் உள்ளது. நம் வீட்டுக் குழந்தைகளின் செவிக்குத் தமிழ் அங்கிருந்தே வருகிறது.