நாற்பத்தைந்து வயதுக்கு மேல்

பிரெஞ்சுப் பத்திரிகையாசிரியர் ஒருவர் 1902ஆம் ஆண்டில் சைக்கிளைப் பற்றி ஒரு தீர்ப்புக் கூறினார். ஆன்ரி தெகிராஞ்ச் என்பது அவர் பெயர். ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் ஓட்டி 1893இல் சாதனை நிறுவியவர். 1903இல் பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் தூர் தெ பிரான்சு என்னும் பெரும் பந்தயத்தைத் தொடங்கியவர். மேட்டுக்கும் சமதரைக்கும் ஏற்ப மிதிக்கும் விசையை மாற்றிக்கொள்ள உதவும் கியர், நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு மட்டுமே ஏற்றது என்றும், கருவியின் தந்திரத்தால் வெல்வதைக் காட்டிலும் தசையின் வலிமையால் வெல்வதே மேல் என்றும் அவர் எழுதினார். அதை எழுதியபோது அவருக்கு வயது முப்பத்தேழு. எனக்கு இவ்வாண்டு நாற்பத்தைந்து நிறைகிறது. ஆதலின் அத்தீர்ப்பைச் சற்று ஆராய்ந்து பார்க்கும் உரிமை எனக்கு உண்டென்று எண்ணுகிறேன்.

இதைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டியவர் தில்லியில் எங்கள் குடியிருப்பில் மகனோடு வாழும் பெரியவர் ஒருவர். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து 1966இல் எழுத்தராகத் தில்லிக்கு வந்தவர். வயது எண்பது ஆகிறது. அலுவலக முன்பணம் பெற்று, மாதத் தவணையில் அடைத்து, அவர் வாங்கிய கறுப்பு ஹெர்குலிஸ் வண்டி இன்றும் அவரிடம் இருக்கிறது. சென்ற குளிர்காலத்தில் மேம்பாலத்து ஏற்றத்தில் முழங்கால் மறுத்துவிட்டது. வண்டியோடு சாய்ந்தார், நல்லவேளையாக எலும்புக்கு ஊறு நேரவில்லை. மறுநாளே மகன் வண்டியைப் பூட்டிச் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். மகன் மீது குறை சொல்வதற்கில்லை. பெரியவரின் துயரமும் பொய்யன்று. காய்கறிக் கடை, நூலகம், மலை மந்திர் என்று தம் விருப்பப்படி போய்வந்தவர், இப்போது யாரேனும் அழைத்துச் செல்வார்களா என்று வாயிலைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்.

சைக்கிளின் வரலாற்றை எழுதியவர்களிற் பலர் பந்தயங்களையே பெரிதாக எழுதினார்கள். ஆயினும் அவ்வரலாற்றைப் புரட்டிப் பார்க்குங்கால் ஒன்று தெளிவாகிறது. முதியவர்க்கு ஆகும், இளைஞர்க்கு ஆகாது என்று எள்ளி ஒதுக்கப்பட்டவையே பிற்காலத்தில் எல்லார்க்கும் உரிய சைக்கிளாக அமைந்தன.

1870களில் இங்கிலாந்தில் ஓடிய சைக்கிளின் முன்சக்கரம் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் இருந்தது. பின்சக்கரம் மிகச் சிறியது. சிறு கல் தடுக்கினாலும் ஏறியிருப்பவர் தலைகீழாக முன்னே விழுவார். துணிவும் நீண்ட காலும் உடைய இளைஞர்க்கே அது இயன்றது. வயது வந்தவர்களும் பெண்களும் மூன்று சக்கர வண்டியை நாடினர். கவன்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி அத்தகைய வண்டிகளைச் செய்தார். அறுபதைக் கடந்திருந்த விக்டோரியா அரசியார் 1881இல் அவரிடம் இரண்டு வண்டிகள் வாங்கியபின் அவ்வகைக்குத் தனிக் கௌரவமே ஏற்பட்டது. செயின் கொண்டு சக்கரத்தைச் சுழற்றும் முறை அந்த மூன்று சக்கர வண்டிகளிலேதான் நன்கு பழகியது. திரும்பும்போது இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல ஸ்டார்லி 1877இல் அமைத்த பல்லிணைப்பின் தத்துவம் இன்று மோட்டார்க் காரில் இருக்கிறது! அவருடைய உடன்பிறந்தார் மகனான ஜான் கெம்ப் ஸ்டார்லி, 1885இல் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவுடையனவாய், பின்சக்கரத்தைச் செயின் இழுக்க, 'ரோவர்' என்னும் வண்டியைச் செய்தார். இவ்வகைக்குப் 'பாதுகாப்புச் சைக்கிள்' என்று பெயர். உயரச் சக்கரத்தில் ஏறிப் பழகிய வீரர்கள் அப்பெயரையே ஏளனத்துக்குரியதாகக் கருதினர். சில ஆண்டுகளில் உயரச் சக்கரம் காட்சிப் பொருளாயிற்று. இன்று நாம் ஓட்டுவதெல்லாம் ரோவரின் வழித்தோன்றல்களே.

காற்றடைத்த டயரின் கதையும் இத்தகையதே. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் சிறு மகனின் வண்டி கல் பாவிய தெருவில் அதிர்வதைக் கண்டு அதனைச் செய்து, 1888இல் காப்புரிமை பெற்றார். அப்போது அவர்க்கு வயது நாற்பத்தெட்டு. பருத்த டயரைப் பார்த்து நகைத்தவர் பலர். 1889 மே மாதம் அதே நகரில் நடந்த பந்தயங்களில் வில்லி ஹியூம் என்பவர் அந்த டயரோடு வந்து வென்றபின் நகைப்பு அடங்கியது.

இனிக் கியருக்கு வருவோம். பிரான்சில் சாந்தெத்தியேன் என்னும் தொழில் நகரத்தில் பால் த விவி என்றொருவர் வாழ்ந்தார். 1853இல் பிறந்தவர், பட்டு வணிகத்தை விட்டுச் சைக்கிள் தொழிலுக்கு வந்தவர், 1887இல் ஒரு சைக்கிள் பத்திரிகையும் தொடங்கினார். 'வெலோசியோ' என்னும் புனைபெயரே அவருக்கு நிலைத்தது. புலால் உண்ணாதவர் என்பதை நம்மவரிற் சிலர் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்வர். அந்நகரைச் சுற்றிலும் மலைகள். ஒரே பல்லமைப்புடைய வண்டியில் மலையேறுவது உடலை வருத்துவதன்றி வேறில்லை என்று கண்டு, பல்சக்கரங்களை மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்தார். செயினை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவச் செய்யும் முறையின் முன்னோடிகளுள் ஒருவரானார். தெகிராஞ்சின் தீர்ப்பு இத்தகையோரை நோக்கியே எழுந்தது. வெலோசியோ வாதத்தால் விடையிறுத்ததைவிட மிதித்து விடையிறுத்தது மிகுதி. முதுமையிலும் நெடும்பயணங்கள் செய்தார். 1930இல், எழுபத்தாறாம் வயதில், டிராம் வண்டி மோதி இறந்தார். அவர் ஏறிப் பழகிய கணவாயில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

கியர் செய்வது என்ன என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். நம் ஊர் 28 அங்குல வண்டியில் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்துக்கு 44 பல், பின்சக்கரத்துப் பிரீவீலுக்கு 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு முறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். சமதரையில் இது நன்று. மேட்டிலோ அந்த ஐந்தரை மீட்டர் ஏற்றம் முழுவதையும் ஒரே சுற்றில் முழங்கால் தூக்கியாக வேண்டும். முன்னும் பின்னும் 28 பல்லாக மாறினால் ஒரு சுற்றுக்கு இரண்டேகால் மீட்டர்தான். கால் கூடுதலாகச் சுற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய விசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மூப்படைந்த மூட்டுக்குச் சுற்றுவது எளிது, அழுத்துவதே அரிது. இதில் தந்திரம் எங்கே இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை.

தூர் தெ பிரான்சு பந்தயத்தில் செயின் மாற்றும் கியர் 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது; தெகிராஞ்ச் உடல்நலம் குன்றிப் பொறுப்பைப் பிறரிடம் விட்டதற்கு அடுத்த ஆண்டு அது. அதன்பின் இருபது வயது வீரர்களும் நாற்பத்தைந்து வயதினர்க்கு என்று விதிக்கப்பட்ட கருவியின்றி மலையேறத் துணியவில்லை.

முதியவர் சைக்கிளை நாடுவது உடலுக்காக மட்டுமன்று. 1828இல் பிறந்த டால்ஸ்டாய் 1895ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏழு வயதும் நிரம்பாத தம் இளைய மகனை இழந்தார். அவ்வாண்டிலேயே, அறுபத்தாறு வயதில், மாஸ்கோவில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார். அறவோர் ஒருவர்க்கு இது தகுமா என்று வினவியவர்கள் இருந்தனர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ராபர்ட் மார்ஷாந்த் என்ற பிரெஞ்சுக்காரரோ உருவத்திற் சிறியவர் என்பதற்காக இளமையில் பந்தயத்துக்கு ஆகார் எனப்பட்டவர். அறுபத்தேழாம் வயதில் மீண்டும் வண்டி ஏறினார். 102ஆம் வயதில் ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டரும், 105ஆம் வயதில் 22.547 கிலோமீட்டரும் ஓட்டினார். 2021இல் 109ஆம் வயதில் மறைந்தார்.

நம் நாட்டின் கதை வேறு. ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. என்று இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்த வண்டிகளின் இடத்தைச் சுதந்திரத்துக்குப்பின் நம் ஆலைகள் பிடித்தன. ஆசன்சோலில் சென்-ராலே, சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ. அம்பத்தூர் ஆலையை நடத்தும் நிறுவனம் 1949இல் தோன்றியது. அங்கிருந்து ஹெர்குலிஸ் வந்தது. நம் பெரியவர் தில்லிக் கடையில் அட்லஸ் எளிதிற் கிடைத்தும் ஹெர்குலிசுக்காகக் காத்திருந்தாராம், நம் ஊர்ப்பக்கத்துச் சரக்கு என்பதற்காக. இவ்வண்டிகளுக்கு ஒரே பல்லமைப்புத்தான். விலை குறைவு, பழுதும் குறைவு. கங்கைச் சமவெளியில் மேடு ஏது? கரோல் பாக்கிலிருந்து தலைமைச் செயலகத்துக்குச் சங்கர் சாலை வழியே அணிவகுத்த எழுத்தர்கள் ரைசினா மேட்டில் மட்டும் இறங்கித் தள்ளினார்கள். தள்ளியவாறே ஊர்ச் செய்தியும் பேசிக்கொண்டார்கள் என்று பெரியவர் சொல்வார். அரசு ஊழியர்க்குச் சைக்கிள் முன்பணமும், சில பணிகளுக்குச் சைக்கிள் படியும் இருந்தன. முன்பணம் 2016இல் நின்றது. படி, 2017ஆம் ஆண்டு உத்தரவின்படி, அஞ்சற்காரர்களுக்கும் ரயில்பாதைப் பணியாளர்களுக்கும் 90 ரூபாயிலிருந்து 180 ரூபாயாக உயர்ந்து நிலைத்தது. அத்தகைய உத்தரவுகளின் மொழியிலேயே காலம் கழிக்கும் எனக்கு, அந்த ஒரு வரி சற்று இனிமையாகவே இருந்தது.

கியர் வண்டி நம்மிடையே பிற்காலத்தில் பள்ளிச் சிறுவரின் வண்டியாக வந்து சேர்ந்தது. பளபளப்பான வண்ணம், பருத்த டயர், குனிந்து ஓட்டும் ஹாண்டில்பார். ஆகவே பிரான்சில் கிழவர்க்கென்று இகழப்பட்ட பொருளை, இங்கே கிழவர் விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்று இகழ்கிறார். மகன் கியர் வண்டி வாங்கித் தருவதாகச் சொன்னபோது பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 1993இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் விற்கத் தொடங்கிய, மிதிக்கும்போது மின்விசை துணைபுரியும் வண்டியைப் பற்றி நான் சொல்லிப் பார்த்தேன். "அப்படியானால் ஆட்டோவிலேயே போய்விடலாமே, தம்பி" என்றார். குறுக்குப் பார் இல்லாத தாழ்ந்த வண்டியைப் பற்றிச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஹாலந்து நாட்டில் வயதான ஆடவரும் அதனைக் கூச்சமின்றி ஓட்டுகின்றனர். இங்கே அதற்குப் பெண்கள் சைக்கிள் என்று பெயர் வைத்துவிட்டோம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, அடுத்த வீட்டுப் பையனுடைய கியர் வண்டியின் ஆசனத்தை இறக்கி, மகனையும் உடன் நிறுத்திக்கொண்டு, குடியிருப்பின் பின்புறச் சரிவில் பெரியவரை ஏற்றினோம். முதலில் பல்மாற்றும் விசையைத் தொடவே மறுத்தார். பாதிச் சரிவில் முழங்கால் தயங்கியது. பையன் ஓடிச்சென்று விசையை அழுத்தினான். செயின் கடகடவென்று தாவியது. கால் விரைந்து சுற்றிற்று. பெரியவர் உச்சிவரை இறங்காமலே போய்ச் சேர்ந்தார். அங்கே நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். மகன் ஒன்றும் பேசவில்லை.

இறங்கி வந்ததும் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கேரியர் எங்கே? மட்கார்டு எங்கே? காய்கறிப் பையை எங்கே வைப்பது? மழை பெய்தால் சேறெல்லாம் முதுகில் அல்லவா தெறிக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விகள். வெலோசியோவின் வழிவந்த பிரெஞ்சுக் கைவினைஞர்கள் கேரியரும் மட்கார்டும் விளக்கும் கியரும் ஒருங்கே அமைந்த பயண வண்டிகளைச் செய்தார்கள்; நம் கடைகளில் ஒன்று இருந்தால் மற்றொன்று இல்லை. ஆனால் 1900களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் என்னும் மூன்று வேகக் கியர் வந்தது. அதன் பற்கள் முழுதும் பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் அடங்கிவிடும். கறுப்பு வண்டியின் உருவம் மாறாது.

குடியிருப்பு வாயிலில் பஞ்சர் ஒட்டும் கடைக்காரரிடம் ஹெர்குலிசைக் கொண்டுபோனோம். பின்சக்கரத்தின் கம்பிகளை எண்ணினார், நாற்பது. கவையின் அகலத்தை அளந்தார். பழைய ராலே வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய குடம் கிடைக்குமா என்று ஜண்டேவாலான் கடைகளில் கேட்டுப் பார்ப்பதாகவும், ஒரு வாரம் கழித்து வரும்படியும் சொன்னார். சாவி இன்னும் மகனிடந்தான் இருக்கிறது. வண்டியை மட்டும் பெரியவர் நாள்தோறும் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வருகிறார்.