காத்திருப்பு – 4: பாதி டீ, பாதி காபி

வேண்டாம் என்றார் எஸர் வெய்ஸ்மன்.

இஸ்ரேலின் தலைமைத் தளபதி நாற்காலியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று யிட்சாக் ரபின், தனக்கு அடுத்த நிலையில் இருந்த அவரிடம் கேட்ட 1967 மே 23ஆம் தேதி இரவு, அந்த ஒரு பதிலோடு முடிந்தது. இது வெய்ஸ்மன் பிற்பாடு சொன்ன கதை. ரபினோ, விலகட்டுமா என்று யோசனைதான் கேட்டேன், நாற்காலியைத் தூக்கிக் கொடுக்கவில்லை என்றார். எது உண்மையோ, டாக்டர் வந்து மருந்து கொடுக்க, ரபின் நன்றாகத் தூங்கி எழுந்து 25ஆம் தேதி அலுவலகம் திரும்பினார். அவர் வராததற்கு வெளியே சொல்லப்பட்ட காரணம் நிகோடின் விஷம். மனிதர் ஊதித்தள்ளிய சிகரெட்டுகளைக் கணக்கில் எடுத்தால் அதை முழுப்பொய் என்றும் ஒதுக்கிவிட முடியாது.

தளபதிகள் இருக்கட்டும். இந்த வாரம் தெருவுக்குப் போவோம்.

டெல் அவிவ் தெருக்களில் ஆண்களைக் காணோம். பேருந்து ஓட்டுநர், பேக்கரிக்காரர், பள்ளி ஆசிரியர், சலவைக்கடைக்காரர் என்று ஊரை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ரிசர்வ் படைக்குப் போய்விட்டார்கள். வானொலியில் செய்திக்கு நடுவே ஏதோ ஒரு சங்கேதப் பெயர் வாசிக்கப்படும். அது தன் பிரிவின் பெயர் என்று தெரிந்தவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். ஆட்களோடு வண்டிகளும் போயின. ரொட்டி வண்டி, சலவை வண்டி, ஐஸ்கிரீம் வண்டி எல்லாம் பக்கவாட்டு விளம்பரத்தின்மேல் சேற்றைப் பூசிக்கொண்டு நெகேவ் பாலைவனத்தை நோக்கி ஓடின. உலகத்தின் நவீன ராணுவங்களில் ஒன்று, குழந்தைகளுக்குக் குச்சி ஐஸ் விற்ற வண்டியில் ஏறிப் போர்முனைக்குப் போனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு வருடமாகவே நாட்டில் பொருளாதார மந்தம். பத்துப் பேரில் ஒருவருக்கு வேலையில்லை. இனி இங்கே இருந்து பயனில்லை என்று வெளிநாட்டுக்கு மூட்டை கட்டியவர்கள் கணிசம். அப்போது பிறந்த ஜோக் ஒன்று இந்த மே மாதத்தில் மறுபடி சூடாகச் சுற்றியது. லோட் விமான நிலையத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்களாம்: ‘கடைசியாகக் கிளம்புகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்.’ மந்த காலத்தில் அதைச் சொன்னபோது அரசாங்கத்தின்மேல் கோபம். இப்போது சொன்னபோது வயிற்றைப் பிசைந்தது. ஜோக் அதேதான். ஆனால் மாதக்கணக்கில் வேலை தேடி அலைந்தவரை இப்போது ராணுவம் வீடு தேடி வந்து அழைத்துப் போனது. ரொட்டி சுடத்தான் ஆளில்லை.

முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக இரண்டு வரி. சிரியா எல்லையில் இஸ்ரேல் படை குவிக்கிறது என்று சோவியத் யூனியன் எகிப்துக்கு ஒரு பொய்த் தகவலைத் தட்டிவிட்டது. எகிப்து ஜனாதிபதி நாசர் தன் படைகளை சினாய்க்குள் அனுப்பினார், அங்கேயிருந்த ஐ.நா. அமைதிப் படையைக் கிளம்பச் சொன்னார். நம் நாட்டு மேஜர் ஜெனரல் இந்தர் ஜித் ரிக்யேதான் அந்தப் படையின் தளபதி. மே 22 இரவோடு இரவாகத் திரான் நீரிணையும் இஸ்ரேலியக் கப்பல்களுக்கு மூடப்பட்டது. அன்றிலிருந்து 27 லட்சம் பேர் உள்ள ஒரு நாடு, வேலை வெட்டியை விட்டுவிட்டு, போர் வருமா வராதா என்று காத்துக்கொண்டிருந்தது.

காத்திருக்கிறவர்களுக்குச் செய்ய ஏதாவது வேண்டுமே. பள்ளிப் பிள்ளைகள் மணல் மூட்டை நிரப்பினார்கள், வீடு வீடாகத் தபால் கொடுத்தார்கள். தாய்மார்கள் ஜன்னல் கண்ணாடிகளில் காகிதப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார்கள். கார் விளக்குகளுக்கு நீலச் சாயம் அடித்தார்கள். பதுங்குமிடம் இல்லாத அடுக்குமாடிகளின் முற்றத்தில் பள்ளம் தோண்டினார்கள். வேத பாடசாலையைவிட்டு வெளியே வராத யெஷிவா மாணவர்கள்கூட மண்வெட்டி பிடித்தார்கள். சர்க்கரை, மாவு, எண்ணெய், டின் உணவு எல்லாம் மளிகைக்கடை அலமாரிகளிலிருந்து காலியாயின. போதுமான கையிருப்பு இருக்கிறது, பதற வேண்டாம் என்று அரசாங்கம் அறிவித்தது. அரசாங்கம் பதற வேண்டாம் என்று சொன்னால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஹோட்டல்களைக் காலி செய்து முதலுதவி நிலையங்களாக மாற்றினார்கள். மருத்துவமனைகளில் 14,000 படுக்கைகள் தயாராயின. நகரப் பூங்காக்கள் சிலவற்றை அவசரகாலக் கல்லறைகளாக ஒதுக்கினார்கள். முந்தின வாரம்வரை அங்கே குழந்தைகள் ஊஞ்சலாடின. இதையெல்லாம் அரசாங்கம் ஊரறியப் பேசவில்லை. ஆனால் பூங்காவில் யார் வந்து எதை அளந்தார்கள் என்று எதிர்வீட்டு ஜன்னலுக்குத் தெரியாமல் இருக்குமா?

விஷவாயுப் பயம் தனி. எகிப்து அப்போது ஏமன் போரில் விஷவாயுவைப் பயன்படுத்தியிருந்தது. ஆகவே முகமூடி வேண்டும். தேடிப்பார்த்ததில் 20,000 முகமூடிகள் கொடுக்க முன்வந்த நாடு மேற்கு ஜெர்மனி. அவுஷ்விட்ஸ் முடிந்து 22 வருடம். கையில் எண் பச்சை குத்தப்பட்டவர்கள் டெல் அவிவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார்கள். இதைவிடக் கறுப்பான நகைச்சுவையை எந்த எழுத்தாளனாலும் கற்பனை செய்திருக்க முடியாது. இது சரக்குப் பட்டியலாக வந்து இறங்கியது.

டிவி கிடையாது. பள்ளிக்கூடங்களுக்கான கல்வி ஒளிபரப்பைத் தவிர இஸ்ரேலில் அப்போது தொலைக்காட்சியே இல்லை. எல்லாம் டிரான்சிஸ்டர்தான். இரண்டு குரல்களை நாடு தவறாமல் கேட்டது. ஒன்று, கெய்ரோவிலிருந்து ஹீப்ருவில் வந்த எகிப்து வானொலி. உங்களை ஒழித்துக்கட்டப் போகிறோம் என்று அது முழங்கும். முழங்கிய ஹீப்ருவில் இலக்கணப் பிழை மலிந்திருக்கும். ஆகவே ஜனங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து, தாங்கள் எப்படிச் சாகப்போகிறோம் என்பதைப் பிழை திருத்தியபடி கேட்டார்கள்.

இன்னொன்று ஹாயிம் ஹெர்சாக்கின் குரல். ராணுவ உளவுத்துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர், பின்னாளில் ஜனாதிபதியானவர். இரவில் வானொலியில் வந்து, பக்கத்துவீட்டுப் பெரியவர் பேசுவதுபோல நிலவரம் சொல்வார். டெல் அவிவில் குண்டுபோட வரும் எகிப்திய விமானியாக இருப்பதா, டெல் அவிவில் வீட்டில் உட்கார்ந்திருப்பவராக இருப்பதா என்று கேட்டால், என் உயிருக்கு வீடுதான் பத்திரம் என்பேன் என்று ஒருமுறை சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் நாட்டில் பாதிப்பேர் தூங்கினார்கள்.

பாலைவனத்தில் ரிசர்வ் படையினரின் நிலைமை வேறு. டாங்கிக்கு எண்ணெய் போட்டாயிற்று, துப்பாக்கி துடைத்தாயிற்று, கடிதம் எழுதியாயிற்று. வீட்டிலிருந்து கேக் வந்தது, மேலும் கேக் வந்தது. வேண்டுமானால் வரட்டும், காத்திருக்கிறோம் என்று நாசர் சவால்விட்டதைப் பிடித்துக்கொண்டு கவிஞர் ஹாயிம் ஹெஃபர் ‘நாசர் ரபினுக்காகக் காத்திருக்கிறார்’ என்று ஒரு பாட்டு எழுத, அது முகாம் முகாமாகப் பரவியது. ரபின் படுத்த படுக்கையாக இருந்த செய்தி அந்தச் சிப்பாய்களுக்குத் தெரியாது.

இந்தச் சிரிப்பில் நாடு முழுவதும் கலந்துகொண்டதாக நினைக்க வேண்டாம். இஸ்ரேலின் அரபுக் குடிமக்கள்மீது இருந்த ராணுவ நிர்வாகம் 1966 டிசம்பரில்தான் விலக்கப்பட்டது. பக்கத்து ஊருக்குப் போக அனுமதிச்சீட்டு வாங்கிய காலம் முடிந்து அரை வருடம்கூட ஆகவில்லை. அவர்களும் கெய்ரோ வானொலியைக் கேட்டார்கள். அரபியில் கேட்டார்கள், இலக்கணப் பிழை இல்லாமல்.

இத்தனை ஜோக்குகளையும் துணிச்சலின் அடையாளம் என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. தைரியமாக இருப்பவன் இவ்வளவு ஜோக் அடிக்கமாட்டான். அந்த மூன்று வாரம் சிரித்ததெல்லாம் பயம். பயத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எட்டாத எதிரியை விட்டுவிடும், கைக்கெட்டிய ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

கைக்கெட்டிய ஆள் லெவி எஷ்கோல்.

பிரதமர், பாதுகாப்பு அமைச்சரும் அவரே. 71 வயது. தண்ணீர்க் குழாய் போடுவதிலும் கணக்குப் பார்ப்பதிலும் வாழ்க்கையைக் கழித்தவர். முன்னாள் பிரதமர் பென் குரியனின் கர்ஜனை இவரிடம் கிடையாது, முன்னாள் தளபதி மோஷே தயானின் கறுப்புக் கண்பட்டையும் கிடையாது. யித்திஷ் மொழியில் ஜோக் சொல்வார். ஆயுதம் கேட்டு வெளிநாடு போகும்போது இஸ்ரேல் எப்படித் தோன்ற வேண்டும் என்பதற்கு அவர் வைத்திருந்த உருவம்: பரிதாபமான சிம்சோன். அமெரிக்காவிடம் பேசி பேட்டன் டாங்கிகளை வாங்கிச் சேர்த்தது இந்த மனிதர்தான். பாலைவனத்தில் நின்ற ராணுவம் பெரும்பகுதி அவர் வளர்த்த ராணுவம். ஆனால் ஜனங்கள் சொன்ன கதை வேறு: விருந்தில் பணிப்பெண் எஷ்கோலிடம் டீயா காபியா என்று கேட்டாளாம். வெகுநேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னாராம், ‘பாதி டீ, பாதி காபி.’ எஷ்கோல் ஜோக்குகளைத் தொகுத்து ஒரு சிறு புத்தகமே விற்பனையானது.

மே 27, சனிக்கிழமை. விடியப் பல மணி நேரம் இருக்கிறது. டெல் அவிவ் டான் ஹோட்டலில் எஷ்கோலின் அறைக் கதவு தட்டப்பட்டது. சோவியத் தூதர் சுவாகின், பிரதமரை இப்போதே பார்த்தாக வேண்டும் என்று வந்து நிற்கிறார். எஷ்கோல் பைஜாமாவோடு வந்து உட்கார்ந்தார். மாஸ்கோவிலிருந்து கடிதம்: அமைதி காக்கவும். எல்லையில் எங்கள் படை குவிந்திருக்கிறதா என்று என்னோடு வந்து கண்ணால் பாருங்கள் என எஷ்கோல் கூப்பிட்டபோது வர மறுத்த அதே தூதர்தான் இவர். இப்போது அர்த்தராத்திரியில் எழுப்பி அமைதியைப் போதிக்கிறார்.

அதே இரவில் கெய்ரோவில் இன்னொரு சோவியத் தூதர் நாசரையும் தூக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தார். அங்கே விஷயம் பெரியது. எகிப்தியப் படைத் தலைவர் அப்துல் ஹக்கீம் ஆமிர் ‘விடியல்’ என்று பெயர் வைத்து ஒரு தாக்குதல் திட்டத்தை மடியில் வைத்திருந்தார். குறித்த நாள் அன்றைய விடியல். நாசர் அதை நிறுத்தினார். டெல் அவிவ் காலையில் எழுந்து, காகிதம் ஒட்டிய ஜன்னலைத் திறந்து, வெயிலைப் பார்த்துவிட்டு, இன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று சலித்துக்கொண்டது.

அன்றிரவு வெளியுறவு அமைச்சர் அப்பா எபன் பாரிஸ், லண்டன், வாஷிங்டன் சுற்றிவிட்டு வந்து இறங்கினார். நேராக அமைச்சரவைக் கூட்டம். பதினெட்டு அமைச்சர்கள். இரவு முழுக்கப் பேச்சு. அடிப்பதா, பொறுப்பதா? கணக்கெடுத்தபோது அடிப்பதற்கு ஒன்பது, பொறுப்பதற்கு ஒன்பது.

பாதி டீ, பாதி காபி.

போய்த் தூங்கிவிட்டு வாருங்கள், நாளைக்குப் பேசுவோம் என்றார் எஷ்கோல். பலவீனம் என்று சிலர் இன்னமும் எழுதுகிறார்கள். நாட்டைச் சரிபாதியாகப் பிளந்துகொண்டு போருக்குப் போகமாட்டேன் என்று ஒரு மனிதர் அடம்பிடித்ததாக நான் அதைப் படிக்கிறேன். மறுநாள், மே 28 ஞாயிறு, அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனிடமிருந்து செய்தி வந்தது: அவசரப்பட்டு முதலில் கைநீட்ட வேண்டாம். திரானைத் திறக்கப் பல நாட்டுக் கப்பல்களைச் சேர்த்து அனுப்ப அவர்களிடம் ஒரு யோசனை இருந்தது. அமைச்சரவை மேலும் சில வாரம் பொறுக்க முடிவெடுத்தது.

இதை நாட்டுக்குச் சொல்ல வேண்டும். தளபதிகளுக்கும் சொல்ல வேண்டும். முதலில் வானொலி, அது முடிந்த கையோடு தளபதிகள்.

உரையை உதவியாளர்கள் எழுதித் தட்டச்சு செய்திருந்தார்கள். அதன்மேல் பேனாவால் அடித்தல், திருத்தல், ஓரத்தில் புதுச்சொல். எஷ்கோலுக்கு முந்தின இரவுத் தூக்கம் இல்லை. ஒருமுறை வாசித்துப் பார்க்கவும் நேரமில்லை. பதிவு செய்து ஒலிபரப்பியிருந்தால் தப்பித்திருக்கலாம். நேரலை என்று முடிவாயிற்று. சிப்பாய்கள் டாங்கிகளின்மேல் டிரான்சிஸ்டரை வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வீடுகளில் குழந்தைகளை வாயைமூடச் சொன்னார்கள். தலைமையகத்தில் தளபதிகளும் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். பிரதமர் அடுத்து அங்கேதான் வரப்போகிறார், அவருக்காக அவர்கள் வைத்திருந்த பேச்சு வானொலிக்கு ஏற்றதல்ல.

இரவு 8.30. சிவப்பு விளக்கு எரிந்தது. எஷ்கோல் கரகரத்த குரலில் வாசிக்கத் தொடங்கினார். முதல் வரிகள் எப்படியோ ஓடின. பிறகு, தட்டச்சு செய்த ஒரு சொல்லை யாரோ அடித்துவிட்டு மேலே வேறொன்றைக் கையால் எழுதியிருந்த அந்த வரி வந்தது. எஷ்கோல் நிறுத்தினார். காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ‘ஏ...’ என்று இழுத்தார். மைக் திறந்தே இருந்தது.

(தொடரும்)